வெட்டாத மரத்துக்கு விலை

2019-ல விமான டிக்கெட் போடும்போது 'காட்டைக் காக்க'ன்னு இருந்த கட்டத்துல டிக் அடிச்சு, பாவத்தைக் கழுவிட்டதா நினைச்சவன் நான் :-)

இந்த யாவாரத்தோட ஆரம்பம் 1988. கனெக்டிகட் நிலக்கரி மின்நிலையத்தின் புகைக்கு ஈடாக, அமெரிக்காவின் ஏ.ஈ.எஸ். கம்பெனி குவாத்தமாலா விவசாயிகள் மரம் நட 20 லட்சம் டாலர் கொடுத்தது. இலக்கு 5 கோடிக்கும் மேல். நட்ட மரத்தையாவது எண்ணிடலாம்.

அப்புறம் வந்ததுதான் கில்லாடித்தனம்: "இந்தக் காட்டை வெட்டியிருப்பாங்க, நாங்க தடுத்தோம், டன்னுக்கு ஒரு கிரெடிட்!" எவ்வளவு வெட்டியிருப்பாங்கன்னு ஊகிச்சு எழுதினது யாரு? திட்டம் போட்டவங்களேதான்.

2023-ல 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு, திட்டம் இல்லாத, அதே மாதிரி காடுகளோட ஒப்பிட்டுப் பார்த்தது. 18 திட்டங்கள் கணக்குப் போட்டிருந்த 8.9 கோடி கிரெடிட்டில் 54 லட்சம்தான் தேறிச்சு. அதைப்போல கிட்டத்தட்ட மூணு மடங்கு கிரெடிட்டை ஏற்கெனவே வாங்கி, புகையைக் 'கழிச்சும்' முடிச்சிருந்தாங்க.

அதுல என் டிக்கெட்டும் இருக்குமோ?