ஒருவர் மட்டும் நிற்கும் குசினி

றெஸ்ரோறன்ட் குசினிகளில் வேலை செய்யும் நமக்குக் காலடியை எண்ணும் பழக்கம் தானாகவே வந்துவிடுகிறது. அடுப்பிலிருந்து கழுவும் தொட்டிக்கு இரண்டு காலடி, பிறிட்ஜுக்கு மூன்று. வீட்டுக் குசினியிலும் இப்படி எண்ணிப் பார்த்தவர்கள் உண்டு.

முதலாம் உலக யுத்தத்தின் பின் ஜேர்மன் நகரங்களில் வீடுகளுக்குக் கடும் தட்டுப்பாடு. தொழிலாளர் குடும்பங்கள் பல ஒரே அறையில் சமைத்து, உண்டு, உறங்கின. 1925இல் பிராங்பேர்ட் நகரசபையின் கட்டடப் பொறுப்பை ஏற்ற ஏர்ன்ஸ்ட் மே, சிறிய வீடுகளைப் பெருந்தொகையாகக் கட்டத் தொடங்கினார். அவற்றுக்கான குசினியை 1926இல் வடிவமைத்தவர் வியன்னாவில் பிறந்த மார்கரெட்டே ஷூட்டே-லிஹொட்ஸ்கி என்ற பெண். ரயிலின் உணவுப் பெட்டியில், ஒடுங்கிய இடத்துக்குள் நின்று எத்தனையோ பேருக்குச் சமைக்கிறார்கள். அதையே அவர் முன்மாதிரியாகக் கொண்டார்.

நீளம் ஏறக்குறைய 3.4 மீற்றர், அகலம் 1.9 மீற்றர். சுவரிலிருந்து மடித்து இறக்கும் இஸ்திரிப் பலகை, அரிசிக்கும் சீனிக்கும் பெயர் பொறித்த அலுமினிய லாச்சிகள், மாவில் புழு பிடியாதிருக்க ஓக் மரப்பெட்டி. சுமார் 10,000 வீடுகளில் இக்குசினி அமைக்கப்பட்டது. வேலைக்கும் போய் வீட்டையும் பார்க்கும் பெண்ணுக்குச் சிறிது நேரத்தை மீட்டுக் கொடுப்பதே அவரது நோக்கம்.

ஊரில் கிணற்றடிக்கும் அடுப்புக்கும் அம்மா நடந்த நடையை நாம் யாரும் எண்ணியதில்லை. புகையில் அவ கண் கசங்கியதையும் கணக்கில் எடுக்கவில்லை. அந்த வகையில் லிஹொட்ஸ்கிக்கு நாம் கடமைப்பட்டவர்கள். நாசிகளை எதிர்த்ததற்காக 1941இல் கைதாகி, 1945 வரை சிறையிலிருந்தவர் அவர்.

ஆனால் அந்தக் குசினியில் இரண்டாவது ஆள் நிற்க இடமில்லை. சமைப்பவள் தனித்துப்போனாள் என்று 1970களில் பெண்ணிலைவாதிகள் விமர்சித்தார்கள். ஊர்க் குசினியில் அம்மா குழம்பு கூட்ட, அக்கா தேங்காய் துருவ, பக்கத்து வீட்டு மாமி வாசற்படியில் குந்தியிருந்து ஊர்ப்புதினம் சொல்லுவா. வேலையும் கதையும் ஒன்றாக நடந்தன.

இன்று நம்மிற் பலர் குடியிருக்கும் நகரத்துத் தொடர்மாடி வீடுகளின் குசினிகளும் அந்தப் பிராங்பேர்ட் குசினியின் வழிவந்தவையே. பகலெல்லாம் பிறருக்குச் சமைத்துவிட்டு இரவு வீடு திரும்புகிறோம். மனைவி உள்ளே தனியே நிற்கிறா. நாம் உள்ளே போனால் அவ வெளியே வரவேண்டும். ஆகவே கதவடியில் ஒரு கதிரையைப் போட்டு, உள்ளி உரித்துக் கொடுத்தபடி அன்றைய கதையைச் சொல்கிறோம். வீடு கட்டியவர்கள் அந்தக் கதிரைக்கு இடம் விட்டிருக்கவில்லை.