வீட்டு இணையம் எங்கே அறுகிறது? ஃபேரர் பார்க்கிலிருந்து ஒரு வரலாற்றுக் குறிப்பு



ஃபேரர் பார்க் எம்ஆர்டி நிலையத்தை விட்டு வெளியே வந்து சற்று நடந்தால் பியட்டி சாலையில் உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையம் இருக்கிறது. பிள்ளைகளை வகுப்புக்கு அழைத்து வரும் பெற்றோர் அந்த வட்டாரத்தில் காத்திருக்கும்போது பேசிக்கொள்வது என் காதில் விழுவதுண்டு. தேர்வு, துணைப்பாடம், பேருந்து என்று சுற்றிவரும் பேச்சு ஒருநாள் இணையத்தில் வந்து நின்றது. "ஒரு கிகாபிட் இணைப்பு வாங்கியிருக்கிறோம் டீச்சர். இருந்தும் பிள்ளை பாடம் கேட்கும்போது பாதியில் நின்றுவிடுகிறது. நிறுவனத்தைக் கேட்டால் லைன் நன்றாக இருக்கிறது என்கிறார்கள்" என்றார் ஒரு தாயார். லைன் நன்றாகத்தான் இருந்திருக்கும். அவரும் பொய் சொல்லவில்லை.

இணைப்பு மந்தமாவதற்கும் அறுந்துபோவதற்கும் ஒரு வரலாறு உண்டு. சிங்கப்பூரின் இணைய வரலாற்றைப் பலர் எழுதியிருக்கிறார்கள். அவை பெரும்பாலும் வேகம் கூடிய கதைகள். பழுது எந்த இடத்திலிருந்து எந்த இடத்திற்கு நகர்ந்தது என்ற கதையை இங்குச் சொல்ல முயல்கிறேன். அதை அறியாததால் நானே ஒரு மாணவனைத் தவறாக எடைபோட்டிருக்கிறேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

1990களின் தொடக்கத்தில் இணையம் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் 'டெக்நெட்' என்ற பெயரில் ஆய்வாளர்களுக்கு மட்டும் உரியதாக இருந்தது. 1994ஆம் ஆண்டில் 'சிங்நெட்' பொதுமக்களுக்குச் சேவையைத் தொடங்கியது. மறு ஆண்டு டெக்நெட்டே கைமாறி 'பசிபிக் இன்டர்நெட்' ஆயிற்று. வீட்டில் இருந்த தொலைபேசிக் கம்பியே வழி, மோடமே வாகனம். நொடிக்கு 14.4 கிலோபிட், பிறகு 28.8, பிறகு 33.6, இறுதியில் 56 என்று வேகம் ஏறியது. மோடம் இணைப்புத் தேடும்போது எழுப்பிய கீச்சொலியை இன்று நாற்பது வயதைத் தாண்டியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

அந்நாளில் பழுதைக் கண்டுபிடிக்க யாரும் தொழில்நுட்பரை அழைக்கவேண்டியிருக்கவில்லை. கணினி ஓர் அறையில் இணையத்தில் இருக்கும். பாட்டி வரவேற்பறையில் தொலைபேசியைத் தூக்குவார். அத்தோடு இணைப்பு அறுந்தது. அழைப்புக் காத்திருப்பு வசதி வைத்திருந்த வீடுகளில் வெளியிலிருந்து ஓர் அழைப்பு வந்து 'பீப்' ஒலித்தாலே மோடம் தடுமாறிவிடும். இதற்கெல்லாம் தீர்வு வீட்டு ஒழுங்குமுறையே: இரவு ஒன்பது மணிக்குமேல் யாரும் தொலைபேசியைத் தொடக்கூடாது. எங்கள் வீட்டில் அதை ஒரு தாளில் எழுதி ஒட்டியே வைத்திருந்தோம்.

அக்காலத்து மந்தத்திற்குக் கம்பி மட்டும் காரணமன்று; தமிழுக்கு மட்டும் உரிய காரணம் ஒன்றும் இருந்தது. தமிழ் எழுத்துரு எல்லாக் கணினிகளிலும் இல்லாததால், தமிழ்ப் பக்கங்களைப் படமாக்கி வலையில் ஏற்றியவர்கள் உண்டு. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பக்கத்தின் படம் 50 கிலோபைட் என்று கொண்டால், 28.8 கிலோபிட் மோடத்தில் அது வந்துசேரப் பதினான்கு விநாடி ஆகும். அதே பக்கத்தின் 3,000 எழுத்துகளை, குறி ஒன்றுக்கு ஒரு பைட் வீதம் எழுத்தாகவே அனுப்பினால் ஒரு விநாடிகூட ஆகாது. எழுத்தாளரும் தேசியக் கல்விக் கழக விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி 'கணியன்' முறையை உருவாக்கியதையும், பல்கலைக்கழகத்தின் தான் டின் வீ குழுவினரோடு சேர்ந்து தமிழை வலையேற்றியதையும் மொழிப்பற்றின் கதையாகவே நாம் சொல்லிவருகிறோம். அது வேகத்தின் கதையும்கூட. நான்கு மொழிச் சிங்கப்பூர்க் கவிதைகளின் இணையத் தொகுப்பு 1995 அக்டோபரில் அதிபர் ஓங் டெங் சியோங் கையால் வெளியிடப்பட்டபோது அதில் தமிழும் எழுத்தாகவே இடம்பெற்றிருந்தது. கோவிந்தசாமி 1999 மே மாதம் மறைந்தார். நம் வீடுகளுக்கு ஒளியிழை வந்ததை அவர் காணவில்லை.

1998இல் 'சிங்கப்பூர் ஒன்' திட்டம் வணிக அளவில் தொடங்கியதும் அகண்ட அலைவரிசை என்ற சொல் புழக்கத்திற்கு வந்தது. தொலைபேசிக் கம்பியிலேயே, பேச்சுக்குப் பயன்படாத உயர் அதிர்வெண்களில் இணையத்தை அனுப்பும் 'ஏடிஎஸ்எல்' ஒரு வழி. தொலைக்காட்சிக் கேபிள் மற்றொரு வழி. பேசிக்கொண்டே இணையத்தில் இருக்கலாம் என்பது அன்று பெரும் வியப்பு. பழுது உடனே இடம்பெயர்ந்தது.

ஏடிஎஸ்எல் இணைப்பில் வீட்டிலுள்ள ஒவ்வொரு தொலைபேசிக்கும் ஒரு சிறு வடிகட்டி பொருத்தவேண்டும். ஒன்றில் விட்டுப்போனாலும் பேச்சில் இரைச்சல் கேட்கும், இணைப்பும் அடிக்கடி அறும். என் வீட்டில் நேர்ந்தது அதுவே. மூன்று தொலைபேசிகளில் இரண்டுக்குப் பொருத்திவிட்டு, சமையலறைச் சுவரில் இருந்த பழைய தொலைபேசியை நான் மறந்துபோனேன். சில வாரம் நிறுவனத்தைக் குறைகூறிய பிறகே அது கண்ணில் பட்டது. கேபிள் வைத்திருந்தவர்களின் குறை வேறு. அந்தக் கேபிளின் கொள்ளளவை அக்கம்பக்கத்து வீடுகள் பகிர்ந்துகொண்டன. எனவே பிற்பகல் மூன்று மணிக்குப் பறந்த இணைப்பு, எல்லாரும் வீடு திரும்பிய இரவு ஒன்பது மணிக்கு ஊர்ந்தது. இவ்விரு குறைகளையும் பிரித்தறிய அன்று ஓர் எளிய வழி இருந்தது, இன்றும் பயன்படும். மந்தமாகும் நேரத்தை ஒரு வாரம் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் மந்தமானால் காரணம் பெரும்பாலும் கூட்டம். நேரங்காலம் இல்லாமல் அறுந்தால் கம்பியையோ கருவியையோ பாருங்கள்.

வீட்டையும் வட்டாரத்தையும் கடந்த பழுது உண்டு என்பதை 2006 டிசம்பர் 26 நமக்குக் காட்டியது. தைவானின் தென்கரைக்கு அப்பால் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் கடலடிக் கேபிள்கள் பல அறுந்தன. புதிய கல்வியாண்டு தொடங்க ஒரு வாரமே இருந்த வேளையில் வெளிநாட்டுத் தளங்கள் பல திறக்க மறுத்தன. உள்ளூர்த் தளங்கள் வழக்கம்போல் திறந்தன. கேபிள் கப்பல்கள் அவற்றைச் சீர்செய்ய வாரக்கணக்கில் ஆயிற்று. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 2002இல் போடப்பட்ட 'ஐ2ஐ' கேபிள் சுமார் 3,200 கிலோமீட்டர் நீளமுடையது. நாம் சென்னையிலுள்ள உறவினரோடு படம் பார்த்துப் பேசுவது இத்தகைய கேபிள்கள் வழியாகத்தான். ஒரு தளம் மட்டும் மந்தமாகி மற்றவை நன்றாக ஓடினால், நம் வீட்டுக் கருவிமீது கைவைக்காமல் இருப்பதே நல்லது.

அடுத்தது ஒளியிழை. நாடு முழுவதற்கும் ஒளியிழை அமைக்கும் பணி 2008இல் 'ஓப்பன்நெட்' கூட்டமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. 2010இல் சேவைகள் தொடங்கின. 2012 நடுப்பகுதியில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வீடுகளையும் கட்டடங்களையும் அது எட்டியிருந்தது. ஸ்டார்ஹப் தன் கேபிள் இணையத்தை 2019 செப்டம்பர் 30 அன்று முற்றாக நிறுத்தியது. தெருவில் இருந்த குறைகள் பெரும்பாலும் அத்தோடு தீர்ந்தன. வாசல்வரை ஒளியின் வேகத்தில் வருவது, வாசலைத் தாண்டியதும் வானொலி அலையாக மாறிவிடுகிறது. இன்றைய பழுதுகளில் பெரும்பகுதி அந்தக் கடைசிப் பத்து மீட்டரில் இருப்பதாகவே என் அனுபவம் சொல்கிறது.

ஃபேரர் பார்க் போன்ற வட்டாரத்தில் இதைக் கண்கூடாகக் காணலாம். ஓவன் சாலை, டோர்செட் சாலைப் பக்கம் வீவக அடுக்குமாடிகள். சிராங்கூன் சாலையின் கிளைத்தெருக்களில் பழைய கடைவீடுகள். கடைவீடு குறுகியது, ஆனால் மிக ஆழமானது. நடுச்சுவர்கள் கனத்த செங்கல். முன்னறையில் வைத்த ரவுட்டரின் அலை பின்கட்டை அடைவதற்குள் தேய்ந்துவிடும். புதிய அடுக்குமாடிகளில் இரும்புக்கம்பி பாய்ச்சிய கான்கிரீட் சுவரோடு வீட்டுப் புகலிட அறை இருக்கிறது. அதற்குள் ரவுட்டரை வைத்து மூடுவது விளக்கைக் குடத்திற்குள் வைப்பதாகும். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்றே: 1, 6, 11. ஓர் அடுக்குமாடியில் மேலும் கீழும் பக்கத்திலுமாக இருபது ரவுட்டர்கள் அந்த மூன்றுக்குள் நெருக்கிக்கொள்கின்றன. நுண்ணலை அடுப்பும் ஏறத்தாழ அதே அலையில் இயங்குவது. ஓடும் நேரத்தில் அது அருகிலுள்ள இணைப்பைக் குலைக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் அலையில் நெரிசல் குறைவு, வேகம் மிகுதி. ஆனால் சுவரை ஊடுருவும் ஆற்றல் குறைவு.

ஆகவே அந்தத் தாயாருக்கு நான் சொன்னது இது: கணினியை ரவுட்டரோடு கம்பியால் நேரடியாக இணைத்துப் பாருங்கள். கம்பியில் சரியாக ஓடி வைஃபையில் நின்றால் குறை வீட்டிற்குள் இருக்கிறது. ரவுட்டரை இடம்மாற்றுங்கள், உயரமான திறந்த இடத்தில் வையுங்கள். கம்பியிலும் நின்றால் ஒளியிழைப் பெட்டியின் விளக்குகளைப் பாருங்கள். சிவப்பு விளக்கு எரிந்தால் ஒளியே வரவில்லை. இழை மடங்கியிருக்கலாம் அல்லது வெளியே அறுந்திருக்கலாம். அப்போது நிறுவனத்தைத் தாராளமாக அழைக்கலாம்.

இந்த இரண்டிலும் அடங்காத மூன்றாவது பழுது ஒன்று உண்டு. விளக்குகள் எல்லாம் பச்சை, கம்பியும் சரி, ஆயினும் எந்தத் தளமும் திறக்காது. தளத்தின் பெயரை எண்முகவரியாக மாற்றித் தரும் 'டிஎன்எஸ்' கணினிகள் திணறும்போது இப்படி நேரும். தொலைபேசி நன்றாக இருந்தும் எண்கள் எழுதிய புத்தகம் தொலைந்துபோனதுபோல. 2016 அக்டோபர் 22, 24 ஆகிய நாள்களில் ஸ்டார்ஹப் வாடிக்கையாளர்கள் பலர் இதைச் சந்தித்தனர். அந்நிறுவனத்தின் டிஎன்எஸ் கணினிகள்மீது பொய்யான கோரிக்கைகள் வெள்ளமாகக் குவிந்தன. நச்சுநிரல் புகுந்த வாடிக்கையாளர் கருவிகளே அவற்றை அனுப்பியிருக்கலாம் என்று நிறுவனம் பிறகு தெரிவித்தது. வீட்டில் மாட்டிய மலிவான கண்காணிப்புக் கேமராவும், கடவுச்சொல் மாற்றாத ரவுட்டரும் தம் வீட்டு இணையத்தையே முடக்கும் படையில் சேர்ந்திருக்கக்கூடும் என்பதை அன்றுதான் பலர் அறிந்தோம். உங்கள் ரவுட்டரின் கடவுச்சொல் பெட்டியில் அச்சிட்டு வந்ததேயானால், இக்கட்டுரையை இங்கே நிறுத்திவிட்டு முதலில் அதை மாற்றிவிட்டு வாருங்கள்.

2020ஆம் ஆண்டுக்கு வருகிறேன். ஏப்ரல் 8ஆம் தேதி எல்லாப் பள்ளிகளும் வீட்டிலிருந்து கற்கும் முறைக்கு மாறின. கருவி இல்லாத மாணவர்களுக்குப் பள்ளிகள் ஆயிரக்கணக்கில் கணினிகளை இரவலாகக் கொடுத்தன. ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 15 அன்று, ஸ்டார்ஹப் வீட்டு இணையம் மணிக்கணக்கில் தடைபட்டது. இதிலும் டிஎன்எஸ் பகுதியிலேயே சிக்கல். மே 12ஆம் தேதி எம்1 நிறுவனத்தின் முறை. நல்லவேளையாகப் பள்ளி விடுமுறை முன்கூட்டியே தொடங்கியிருந்தது. தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் இவ்விரு நிறுவனங்களுக்கும் முறையே 210,000 வெள்ளியும் 400,000 வெள்ளியும் அபராதம் விதித்தது. பெரிய தடைகளுக்கு இப்படி நாளும் தொகையும் பதிவாகின்றன. ஒரு வீட்டின் பின்கட்டில் நிகழ்ந்த தடைக்குப் பதிவேடு இல்லை.

என் உயர்நிலை இரண்டு வகுப்பில் ஒரு மாணவன். வாய்மொழிப் பயிற்சியில் பெயர் சொல்லி அழைத்தால் பதில் வராது. சற்றுப் பொறுத்துப் பாதிச் சொல் வரும். பிறகு திரையிலிருந்தே மறைவான். மூன்றாவது வாரம் அவனுடைய குறிப்பில் "பாடத்தில் கவனமில்லை, பங்கேற்பு குறைவு" என்று எழுதிவிட்டேன். இரண்டு நாள் கழித்து அவன் தாயார் அழைத்தார். "டீச்சர், அவன் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறான். நீங்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறான். நான் என் காதால் கேட்டேன்" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுவே என்னை மிகவும் வருத்தியது.

அவர்கள் குடியிருந்தது ஒரு கடைவீட்டின் மேல்மாடி. ரவுட்டர் முன்னறையில். அங்கே தம்பியும் தங்கையும் தத்தம் பாடங்களில் இருந்ததால், பேசவேண்டிய இவன் இரண்டு சுவர் தாண்டிச் சமையலறை மேசையில் அமர்ந்திருந்தான். தமிழ்ப் பாடம் பதினொன்றரை மணிக்கு; அந்நேரம் சமையலறையில் நுண்ணலை அடுப்பு ஓடும். என் குரல் அவனுக்கு ஓரளவு எட்டியது. அவன் குரல் எனக்கு எட்டவில்லை. சமையலறை மேசைக் கணினியின் அலை ரவுட்டரைவிட வலுக்குறைந்தது என்பதால் போகும் வழியே முதலில் அறுந்திருக்கிறது. தொலைபேசியிலேயே அவனை வீடெங்கும் நடக்கச் சொல்லி, எங்கே குரல் தெளிவாக வருகிறது என்று கேட்டுக்கொண்டே வந்தேன். முன்னறைக் கதவுக்கு வெளியே, மாடிப்படியின் திருப்பத்தில் தெளிவாக வந்தது. மறுநாள் முதல் அவன் படிக்கட்டில் ஒரு முக்காலி போட்டு அமர்ந்து பாடம் கேட்டான். தமிழ்ச் செய்தியறிக்கைப் பகுதியை வகுப்பிலேயே மிகச் சரியான உச்சரிப்போடு வாசித்தவன் அவன்தான்.

நாட்டின் ஒளியிழைக் கட்டமைப்பை நொடிக்குப் பத்து கிகாபிட் அளவுக்கு உயர்த்த 100 மில்லியன் வெள்ளி வரை ஒதுக்குவதாக 2024இல் அரசாங்கம் அறிவித்தது. அந்தக் கடைவீட்டின் செங்கற்சுவர் மட்டும் அதே கனத்தில்தான் நிற்கிறது. ஜூன் மாதம் பள்ளி திறந்தபின் அவன் குறிப்பை அடித்துத் திருத்தி எழுதி, அவனிடமே காட்டினேன். படித்துவிட்டு, "படிக்கட்டில் காற்று நன்றாக வரும் டீச்சர்" என்று மட்டும் சொன்னான்.