வானாக்ரை: மருந்து வந்த பிறகு வந்த நோய்

2017 மே 15, திங்கட்கிழமை. மேற்குத் தொடர்ச்சி மலையில், வயநாட்டில் உள்ள தரியோடு பஞ்சாயத்து அலுவலகக் கம்ப்யூட்டர்களில் கோப்புகள் திறக்கவில்லை. 300 டாலரை பிட்காயினாகக் கட்டச் சொல்லி திரையில் ஒரு மிரட்டல் மட்டும் நின்றது!

மே 12-ல் கிளம்பிய வானாக்ரை என்ற வைரஸ், சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களை இப்படித்தான் பூட்டியது. இங்கிலாந்தில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. கொடுமை என்னவென்றால், அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் பேட்சை மைக்ரோசாப்ட் மார்ச் 14-லேயே வெளியிட்டுவிட்டது. இரண்டு மாதமாகப் பலர் அதைப் போடவே இல்லை.

பழைய எக்ஸ்பிதான் காரணம் என்று அப்போது பலரும் பழி போட்டார்கள். (எக்ஸ்பிக்கு 2014-லேயே ஆதரவு நின்றுவிட்டது. அதற்கான பேட்ச் தாக்குதலுக்குப் பிறகுதான் எல்லோருக்கும் கிடைத்தது.) ஆனால் மாட்டியவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 7. அதற்குத்தான் மார்ச்சிலேயே பேட்ச் இருந்ததே!

இது முதல் தடவையும் அல்ல. 2003 ஜனவரி 25-ல் ஸ்லாம்மர் என்ற வைரஸ் பத்தே நிமிடத்தில் உலகம் முழுக்கப் பரவியது. அதற்கான பேட்ச் 2002 ஜூலையிலேயே வந்திருந்தது. பேட்சை வெளியிட்ட மைக்ரோசாப்டே தன் சொந்த சர்வர்கள் சிலவற்றில் அதைப் போட்டிருக்கவில்லை!