ஆசிரியர் உடையும் அதன் செலவுக் கணக்கும்



சென்ற பொதுக்குழுக் கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு நினைவிருக்கும். நம் கம்யூனிட்டி ஹாலில் செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங் ஊழியர்களின் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லித் தரும் மூன்று ஆசிரியைகளைப் பற்றிப் பேச்சு வந்தது. "டீச்சர் என்றால் பார்த்தவுடன் ஒரு மரியாதை வர வேண்டாமா? மூன்று பேரும் ஒரே மாதிரி நல்ல புடவை கட்டி வரச் சொல்லலாமே" என்றார் ஓர் உறுப்பினர். பலர் தலையாட்டினார்கள். முடிவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்தோம். அதற்குள் ஆசிரியர் உடையைப் பற்றிக் கொஞ்சம் பழைய கதை சொல்லிவிடுகிறேன். நான் படித்தது பி.காம்., பார்த்தது பேங்க் கிளார்க் வேலை. எதைப் படித்தாலும் "செலவு யார் தலையில்?" என்றுதான் என் கண் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியாருக்கு உடை ஒரு பிரச்சினையே இல்லை. இடுப்பில் வேட்டி, தோளில் துண்டு, அவ்வளவுதான். ஊர்ப் பெரிய மனிதர்களும் அப்படித்தான் இருந்தார்கள். அவருக்குக் கூலி பெரும்பாலும் நெல்லாகவும் அரிசியாகவும் வந்தது. நவராத்திரி சமயம் பிள்ளைகள் கோலாட்டக் கழியுடன் வீடு வீடாகப் பாடிப் போய் வாத்தியாருக்குப் பணம் வாங்கி வருவார்கள். சட்டை போடவில்லையே என்று அவரை யாரும் குறை சொன்னதில்லை.

சர்க்கார் பள்ளிகளும் கல்லூரிகளும் வந்த பிறகுதான் கோட்டும் தலைப்பாகையும் வந்தன. 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் மாதம் 50 ரூபாய் சம்பளத்தில் தமிழ்ப் பண்டிதராகச் சேர்ந்த உ.வே. சாமிநாதையரின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். தலைப்பாகை, நீளக் கோட்டு, அதற்கு மேல் அங்கவஸ்திரம். 1909-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் ஆசிரியப் பணியைத் தொடங்கிய ராதாகிருஷ்ணன், குடியரசுத் தலைவரான பிறகும் அந்தத் தலைப்பாகையையும் நீளக் கோட்டையும் விடவில்லை. அவர் பிறந்த நாளை 1962 முதல் ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோம். நம் மாறுவேடப் போட்டியில் வருடம் தவறாமல் ஒரு குட்டி ராதாகிருஷ்ணன் வந்துவிடுகிறார், தலைப்பாகை பாதி மேடையிலேயே அவிழ்ந்துவிடும் என்பது வேறு விஷயம்.

நம் மனதில் இருக்கும் "கம்பீரமான ஆசிரியர்" இந்தக் கல்லூரிப் படங்களிலிருந்து வந்தவர்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் பள்ளிக்கூட வாத்தியார் கணக்கு வேறு. 1904-இல் மதுரை சேதுபதி பள்ளியில் சுமார் மூன்று மாதம் தற்காலிகத் தமிழாசிரியராக இருந்த பாரதியாருக்கு மாதச் சம்பளம் பதினேழரை ரூபாய். அதில் குடும்பம் நடத்தி, மிச்சம் பிடித்து, கோட்டும் தைத்துக்கொள்ள வேண்டும்!

இந்தத் தர்மசங்கடத்துக்கு ஒரு வழி அதே மதுரையில் பிறந்தது என்பேன். 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி அங்கேதான் மேல்சட்டையையும் தொப்பியையும் விட்டுவிட்டு முழங்கால் அளவு துணிக்கு மாறினார். அதன் பிறகு முரட்டுக் கதர் கட்டிய ஆரம்பப் பள்ளி வாத்தியாரைப் பார்த்து "ஏழை" என்று யாரும் ஒதுக்க முடியவில்லை, "தேசபக்தர்" என்று சொல்ல வேண்டியிருந்தது. துணி முரடுதான், மரியாதை மட்டும் ஏறியது.

பெண்கள் கதை இன்னும் கடுமை. 1848-இல் புனேயில் பெண்களுக்கான பள்ளியில் பாடம் நடத்தப் போன சாவித்திரிபாய் புலே மீது தெருவில் சேற்றையும் சாணியையும் எறிந்தார்கள். அவர் மாற்றுச் சேலை ஒன்றைப் பையில் கொண்டுபோய், பள்ளிக்குப் போனதும் மாற்றிக்கொண்டு வகுப்பு எடுத்தாராம். ஆசிரியை சுத்தமாக உடுத்த வேண்டும் என்பதற்கு இதைவிட எனக்கு வேறு உதாரணம் தெரியவில்லை. ஆனால் அந்த இரண்டாவது சேலையை அவருக்கு யாரும் உத்தரவு போட்டுக் கட்டச் சொல்லவில்லை.

நம் சென்னையில் சகோதரி சுப்புலட்சுமி 1912-இல் இளம் விதவைகளைச் சேர்த்துக்கொண்டு ஓர் இல்லம் தொடங்கினார். பிற்காலத்தில் அது ஐஸ் ஹவுசுக்கு, அதாவது இன்றைய விவேகானந்தர் இல்லத்துக்கு, மாறியது. அவரே பால்ய விதவை. தலையை மழித்து, வண்ணப் புடவை, பூ, நகை எல்லாவற்றையும் பறித்து மூலையில் உட்கார வைத்த காலம் அது. அந்தப் பெண்களைப் படிக்க வைத்து ஆசிரியைகளாக்கினார். "கைம்பெண் முகத்தில் விழிக்கக் கூடாது" என்ற ஊரில், தினமும் காலையில் நாற்பது பிள்ளைகள் அந்த முகத்தைப் பார்த்து வணக்கம் சொன்னார்கள். அந்த மரியாதையைப் புடவையா வாங்கிக் கொடுத்தது?

இனி என் சொந்த அனுபவம். நான் படித்தது ஒரு சிற்றூரின் உதவி பெறும் பள்ளி. கணக்கு வாத்தியாருக்கு வெள்ளைச் சட்டை இரண்டே இரண்டு. காலர் நைந்ததும் அதைப் பிரித்துத் திருப்பித் தைத்துக்கொள்வார். பின் பெஞ்சில் நாங்கள் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது, அவர் கையெழுத்துப் போட்ட சம்பளம் ஒன்று, கையில் வாங்கியது வேறொன்று. அந்த நாளில் சில தனியார் பள்ளிகளில் இது நடந்த விஷயம்தான். 1973-ஆம் ஆண்டுத் தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. எங்கள் வாத்தியாருக்கு மூன்றாவது சட்டை எப்போது வந்தது என்று நான் கவனிக்கவில்லை. அதற்குள் பள்ளியை விட்டு வந்துவிட்டேன். கவனித்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

இன்றைய அரசுகளும் இதில் ஒரே வழியில் போகவில்லை. அஸ்ஸாமில் 2023-இலும் மகாராஷ்டிரத்தில் 2024-இலும் ஆசிரியர்கள் ஜீன்ஸ், டி-ஷர்ட் போடக் கூடாது என்று உத்தரவு வந்தது. கேரளத்தில் நேர் எதிர். ஆசிரியைகளைப் புடவைதான் கட்ட வேண்டும் என்று நிர்வாகங்கள் கட்டாயப்படுத்தக் கூடாது என 2021 நவம்பரில் அரசு மறுபடி வலியுறுத்தியது. தானும் கல்லூரியில் பாடம் எடுத்தபோது சுடிதார் போட்டதுண்டு என்று உயர்கல்வி அமைச்சர் ஆர். பிந்து சொன்னார். நம் மாநிலத்தில் 2019-இல் அரசு ஊழியர்களுக்கு வந்த ஆணை புடவை, சுடிதார் இரண்டையும் ஏற்றது, ஆண்களுக்கு வேட்டியையும் சேர்த்தது. இத்தனை உத்தரவிலும் துணி வாங்கக் காசு தருவதாக ஒரு வரிகூட என் கண்ணில் படவில்லை.

பேங்கில் நான் பார்த்தது வேறு. கிளார்க்குகளான எங்களுக்கு யூனிஃபார்ம் கிடையாது, எங்கள் இஷ்டம். பியூன்களுக்கு உண்டு. ஆனால் துணியும் தையல் கூலியும் பேங்க் கொடுத்தது. துவைக்கத் தனியாக வாஷிங் அலவன்ஸும் உண்டு. உடுத்தச் சொன்னவனே செலவைக் கொடுத்தான், அதனால் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை.

ஆசிரியர் நன்றாக உடுத்த வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கசங்காத, சுத்தமான உடையில் வருபவரைப் பிள்ளைகள் கவனிக்கத்தான் செய்கிறார்கள், கவனித்துச் சிரித்தவன்தானே நானும். நம் மூன்று ஆசிரியைகளும் சுத்தமாகத்தான் வருகிறார்கள். ஒருவர் பகலில் ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்க்கிறார். அங்கே வாரத்தில் இரண்டு நாள் கட்ட வேண்டிய யூனிஃபார்ம் புடவைக்கு அவர் சம்பளத்திலேயே பிடித்தார்களாம். நம் தீர்மானம் காதில் விழுந்ததும் என்னிடம் வந்து, "சார், இங்கேயும் பிடிப்பீங்களா?" என்று கேட்டார். நாம் அவருக்குக் கொடுப்பது மாதம் 2,000 ரூபாய்.

பொருளாளர் என்ற முறையில் கணக்குப் போட்டுவிட்டேன். ஆளுக்கு இரண்டு புடவை, ஒன்று 900 ரூபாய் வீதம் 5,400. ரவிக்கைத் துணியும் தையலும் 3,000. மொத்தம் 8,400 ரூபாய். தீர்மானம் வந்தால் இந்தத் தொகை மெயின்டெனன்ஸ் கணக்கிலிருந்து என்று அதிலேயே எழுதியிருக்க வேண்டும். எந்த நிறம், புடவையா சுடிதாரா என்பதை அந்த மூன்று பேரிடமே கேட்கலாம் என்பது என் இரண்டாவது கோரிக்கை. அடுத்த பொதுக்குழுவுக்கு அவர்களையும் வரச் சொல்லியிருக்கிறேன். நீங்களும் வாருங்கள், போன தடவை கோரம் சேரவே முக்கால் மணி நேரம் ஆயிற்று.