நன்னடத்தைப் பிணை: பழனி மலை இளைஞர்களுக்கு

ஒருவர் குற்றம் செய்தார் என்று தீர்மானித்த பிறகும் அவரைச் சிறைக்கு அனுப்பாமல், ஒழுங்காக நடப்பதாக எழுதி வாங்கிக்கொண்டு நீதிமன்றம் வீட்டுக்கு அனுப்புவதே நன்னடத்தைப் பிணை. 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் இதற்கு அடிப்படை. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றங்களுக்கு இது கிடையாது. பிணைக்காலம் அதிகபட்சம் 3 ஆண்டு. நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பும் வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டால், அது 1 ஆண்டுக்குக் குறையக்கூடாது. வழக்கு நடக்கும்போது கிடைக்கும் ஜாமீன் வேறு, இது வேறு. இங்கே தீர்ப்பு முடிந்துவிட்டது; தண்டனை மட்டும் ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. பிணையில் வெளியே வரும் பையன்கள் பலர் ‘கேஸ் முடிஞ்சிருச்சு’ என்று நினைத்துக்கொள்வதிலிருந்துதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

1841இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜான் அகஸ்டஸ் என்ற செருப்புத் தொழிலாளி, குடித்ததற்காக நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்ட ஒருவரைத் தன் பொறுப்பில் அழைத்துப்போனார். இந்த முறையின் தொடக்கமாக அதைத்தான் சொல்வார்கள். சென்னை மாகாணம் இதற்கென 1936ஆம் ஆண்டுச் சட்டத்தை இயற்றியது. நாடு முழுமைக்குமான சட்டம் வர அதன் பிறகு இருபது ஆண்டுக்கு மேல் ஆனது. தமிழ்நாட்டில் நன்னடத்தை அலுவலர்கள் சிறை மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறையின்கீழ் வருகிறார்கள்.

இளைஞர்களுக்கு முக்கியமானது 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6ஆம் பிரிவு. 21 வயது நிறையாதவரைச் சிறைக்கு அனுப்ப விரும்பும் நீதிமன்றம், அவரை எச்சரித்தோ பிணையிலோ விடுவது ஏன் பொருந்தாது என்று காரணத்தை எழுதிவைக்க வேண்டும். வயதைக் குற்றம் நடந்த நாளை வைத்துப் பார்ப்பதா, தண்டனை நாளை வைத்துப் பார்ப்பதா என்ற கேள்விக்கு, தண்டனை விதிக்கும் நாள்தான் என்று ராம்ஜி மிஸர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே 19 வயதில் வழக்கில் மாட்டியவர் வாய்தாவுக்கு வராமல் இழுத்தடித்தால் இழப்பு அவருக்குத்தான். 21 கடந்துவிட்டால் 6ஆம் பிரிவின் பாதுகாப்பு போய்விடும். அதன் பிறகும் 4ஆம் பிரிவின்படி பிணை கேட்கலாம், ஆனால் கொடுப்பது நீதிபதியின் விருப்பம். 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் தனி. அதில் குற்றம் நடந்த நாளன்று இருந்த வயதுதான் கணக்கு. விசாரணை இளைஞர் நீதிக் குழுமத்தில் நடக்கும்.

தீர்ப்புக்கு முன் நன்னடத்தை அலுவலர் ஊருக்கு வந்து விசாரித்து அறிக்கை தரலாம். குடும்பம், படிப்பு, வேலை, அக்கம்பக்கத்தார் சொல்வது எல்லாம் அதில் வரும். போலீஸ் என்று பயந்து அவரைக் கண்டதும் வீட்டைப் பூட்டிக்கொண்டு போவதைவிடப் பெரிய தவறு கிடையாது. பள்ளிச் சான்றிதழ், ஆதார், வேலை கொடுத்தவர் எழுதிய கடிதம் ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். அப்பா குடிப்பார், வீட்டில் சண்டை என்பதையும் மறைக்க வேண்டாம். அந்த அறிக்கை ரகசியம் என்று சட்டமே சொல்கிறது. பிணை கேட்பவருக்கோ ஜாமீன்தாரருக்கோ நிலையான இருப்பிடமோ வழக்கமான தொழிலோ இருக்க வேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை. பட்டா நிலம் இல்லாத தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் இதைக் கேட்டுக் கலங்க வேண்டியதில்லை. ஜாமீன்தாரர் இல்லாமலும் பிணையில் விட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் சட்டப் பணிகள் குழுவை அணுகலாம்; இலவசத் தொலைபேசி எண் 15100.

மலையில் பிணை கிடைக்காத இரண்டு குற்றங்கள்

முதலாவது கஞ்சா. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, 18 வயது நிறைந்தவர்களுக்கு நன்னடத்தைச் சட்டத்தின் கதவை ஏறக்குறைய முழுதாகவே மூடிவிடுகிறது. விதிவிலக்கு, சொந்தமாக உட்கொண்டதற்கான 27ஆம் பிரிவும் உரிமம் தொடர்பான 26ஆம் பிரிவும்தான். வட்டக்கானலுக்கு வரும் டூரிஸ்டுக்கு ஒரு பொட்டலம் வாங்கிக்கொடுத்து நூறு இருநூறு கமிஷன் பார்க்கும் பையனுக்கு இது தெரிந்திருப்பதில்லை. புகைத்தவர் பிணையில் போகலாம். வாங்கிக்கொடுத்தவர் போக முடியாது. மலையில் கிடைக்கும் போதைக் காளானில் உள்ள சைலோசிபின் என்ற பொருளும் இதே சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. போதைக்கு அடிமையானவருக்கு மட்டும் 39ஆம் பிரிவு ஒரு வழி விடுகிறது: உட்கொண்டதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றவாளியானால், தண்டனைக்குப் பதிலாக அவரது சம்மதத்துடன் சிகிச்சைக்கு அனுப்பலாம். சிகிச்சையின் பலனைப் பார்த்துப் பிறகு பிணையில் விடலாம்.

இரண்டாவது வேட்டை. 2013இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. சரணாலயத்துக்குள் வேட்டையாடியதற்காகத் தண்டிக்கப்படுபவர் 18 வயது நிறைந்தவரானால், வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 51ஆம் பிரிவு அவருக்கு நன்னடத்தைப் பிணையை மறுக்கிறது. தாத்தா காலத்தில் கறிக்காகக் கண்ணி வைத்தார்கள் என்ற பேச்சு நீதிமன்றத்தில் எடுபடாது.

பிணைக்காலம்

மலையில் பிணைக்காலத்தைக் கடப்பது சமவெளியைவிடக் கடினம். காரணம் தூரம். கொடைக்கானலில் நீதிமன்றம் இருந்தாலும் மாவட்ட அலுவலகங்கள் நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாகக் கீழே திண்டுக்கல்லில் இருக்கின்றன. கிளாவரையிலோ மன்னவனூரிலோ இருப்பவர் முதலில் கொடைக்கானல் வந்து, பிறகு மலை இறங்க வேண்டும். போக வர ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் போய்விடும். ஆகவே ஆஜராக வேண்டிய தேதிகளை முதல் நாளிலேயே அலுவலரிடம் பேசி, சந்தை நாளோ அறுவடை நாளோ இடிக்காமல் பார்த்துக்கொள்வது நல்லது. நெருக்கமான இடத்தில் சந்திக்க முடியுமா என்றும் கேட்கலாம், கேட்பதில் தவறில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தால் அன்றே போன் செய்யுங்கள். அடுத்த முறை போகும்போது காரணத்தை எழுதிக்கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி வையுங்கள். பேச்சோடு விட்டால் பின்னால் நிரூபிக்க எதுவும் இருக்காது.

அடுத்தது சீசன். ஏப்ரல், மே மாதங்களில் லாட்ஜிலும் காட்டேஜிலும் வேலை, அங்கேயே தங்கல். கூட்டம் குறைந்ததும் வேலை போகிறது, அதோடு முகவரியும் போகிறது. உடனே திருப்பூருக்கோ கோயம்புத்தூருக்கோ பஸ் ஏறுவது மலைப் பையன்களின் வழக்கம். பிணை ஆணையில் குடியிருக்கும் இடம் நிபந்தனையாக இருந்தால் அப்படிப் போவதே மீறல், புதிதாக எந்தத் தப்பும் செய்யாவிட்டாலும். போவதற்கு முன் அலுவலரிடம் சொல்லுங்கள். நிபந்தனையை மாற்ற நன்னடத்தைச் சட்டத்தின் 8ஆம் பிரிவு இடம் தருகிறது. அதே பிரிவின்படி, நடத்தை நன்றாக இருந்து இனிக் கண்காணிப்பு தேவையில்லை என்று அலுவலர் விண்ணப்பித்தால், நீதிமன்றம் பிணையை முன்கூட்டியே முடித்துவைக்கவும் முடியும். குடிக்கக்கூடாது என்ற நிபந்தனை இருப்பின், திருவிழாவில் ஒரு நாள் என்பதற்கும் அது பொருந்தும்.

மீறினால் 9ஆம் பிரிவு. நீதிமன்றம் சம்மனோ வாரண்டோ அனுப்பி, பழைய குற்றத்துக்கே தண்டனை விதிக்கலாம். முதல் மீறலானால் 50 ரூபாய்க்கு மேற்படாத அபராதத்தோடு பிணையைத் தொடரவும் விடலாம். 1958இல் எழுதிய தொகை அது. ஒரு தேதியைத் தவறவிட்டவர் பயந்து தலைமறைவாகாமல் தானே போய் நின்றால், பெரும்பாலும் இந்த இரண்டாவது வழியைக் கேட்க இடமிருக்கும்.

பிணைக்காலத்தைக் கடந்தவருக்கு 12ஆம் பிரிவு உதவுகிறது: தண்டனையால் வரும் சட்டத் தகுதியிழப்பு அவருக்குக் கிடையாது. ஆனால் நடந்ததே இல்லை என்று அதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. பிணையில் விடப்பட்டாலும் நடத்தைக்காக அரசு ஊழியர்மீது துறை நடவடிக்கை எடுக்கலாம் என்று 1990இல் பக்ஷி ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. போலீஸ், வனத்துறை வேலைக்கு விண்ணப்பிக்கும்போது வழக்கு உண்டா என்று படிவத்தில் கேட்டால், உண்டு என்றே எழுதுங்கள். தீர்ப்பின் நகலையும் இணையுங்கள். 2016இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய அவதார் சிங் தீர்ப்புக்குப் பிறகு, மறைத்தது தெரியவந்தால் அதற்காகவே வேலை போகக்கூடும். உண்மையைச் சொன்னவர் விஷயத்தில் குற்றத்தின் தன்மையை அதிகாரி எடைபோட்டுப் பார்க்கலாம். 18 வயதுக்கு முன் நடந்ததாக இருந்து இளைஞர் நீதிக் குழுமம் தீர்த்துவைத்த வழக்கென்றால் நிலைமை வேறு. அந்தப் படிவத்தை நிரப்புவதற்கு முன் சட்டப் பணிகள் குழுவின் வக்கீலிடம் ஒரு முறை கேட்டுவிடுங்கள்.