வீட்டில் கரப்பான் பூச்சி வளர்க்கலாமா? கமுந்திங் போன்ற ஊர்களில் கவனிக்க வேண்டியவை

வீட்டில் கரப்பான் பூச்சி ஓடினால் நம் கை தானாகச் செருப்பைத் தேடும். ஆனால், அதைத் தொட்டியில் வைத்து, பெயர் சூட்டி, தினமும் கவனிப்பவர்களும் உலகில் நிறைய பேர் இருக்கிறார்கள். இணையத்தில் வளர்ப்புக் குறிப்புகளுக்கும் பஞ்சமில்லை.

ஒரு சிக்கல் உண்டு. அந்தக் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர் நாடுகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. பேராக்கின் கமுந்திங், தைப்பிங் பக்கம் இருப்பவர்கள் அவற்றை அப்படியே பின்பற்றக் கூடாது. ஏன்?

எல்லாக் கரப்பானும் ஒன்றா?

இல்லை. உலகில் சுமார் 4,600 வகைக் கரப்பான் பூச்சிகள் அறியப்பட்டுள்ளன. அவற்றில் மனிதர் வீடுகளை நம்பி வாழ்பவை ஏறக்குறைய 30 வகைகள்தான். மற்றவை காட்டிலும் மண்ணிலும் மட்கும் மரத்திலும் வாழ்கின்றன.

நம் சமையலறையிலும் கால்வாயிலும் திரியும் அமெரிக்கக் கரப்பான், ஜெர்மன் கரப்பான் இரண்டும் வளர்ப்பதற்கு ஏற்றவை அல்ல. சாக்கடையில் நடந்த கால்களோடு சாப்பாட்டின் மேலும் நடப்பவை அவை. சால்மோனெல்லா போன்ற கிருமிகளைச் சுமக்கக்கூடியவை.

வளர்ப்பவர்கள் அதிகம் தேர்ந்தெடுப்பது மடகாஸ்கர் சீறும் கரப்பான். இதற்கு இறக்கை கிடையாது. 5 முதல் 7.5 செ.மீ. வரை வளரும். கடிக்காது, மெதுவாக நடக்கும். 2 முதல் 5 ஆண்டுகள் வரை வாழும்.

கமுந்திங்கில் என்ன வித்தியாசம்?

இந்தப் பூச்சிக்கு 24 முதல் 32 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பம் பிடிக்கும். குளிர் நாட்டில் அதற்காக ஹீட்டர் வாங்குகிறார்கள். நமக்கு அது தேவையே இல்லை. நம் பகல், இரவு வெப்பநிலையே கிட்டத்தட்ட அதுதான். அங்கே தொட்டியிலிருந்து தப்பும் பூச்சி குளிர்காலத்தைத் தாண்டாது. இங்கே குளிர்காலமே கிடையாது. தப்பியது பிழைத்து, பெருகவும் வாய்ப்புண்டு. மலேசியாவைப் போலவே வெப்பமும் ஈரமும் நிறைந்த அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், சீறும் கரப்பானை வைத்திருக்க அனுமதி பெற வேண்டும்.

இடம் மாறும் பூச்சி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நம் வட்டாரத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. சுரினாம் கரப்பான் என்று ஒரு வகை. 1758-இல் லின்னேயஸ் அதற்குப் பெயரிட்டபோது தென் அமெரிக்க நாட்டின் பெயர் ஒட்டிக்கொண்டது. உண்மையில் அதன் பூர்வீகம் ஆசியாவின் நம் பக்கம்தான். செடிகளின் வேர்மண்ணோடு பயணம் செய்து, இன்று ஐரோப்பாவின் கண்ணாடிக் குடில்களில்கூட வாழ்கிறது. அதன் பெண் பூச்சி ஆண் துணையின்றியே குஞ்சு ஈனும். ஒரே ஒரு பூச்சி தப்பினாலே போதும்!

சட்டம் என்ன சொல்கிறது?

டிங்கி கொசுப் புழு கிடைத்தால் வீட்டுக்கு அபராதம் வருமே, அது 1975-ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின் கீழ்தான். அந்தச் சட்டம் கொசுவுக்கு மட்டும் உரியது அல்ல. நோய் பரப்பக்கூடிய பூச்சிகளைப் பொதுவாகக் குறிக்கிறது. வீட்டுக் கரப்பானைப் பிடித்து வளர்க்காமல் இருக்க இதுவும் ஒரு காரணம்.

வெளிநாட்டு ஆன்லைன் கடையில் ஆர்டர் செய்து தபாலில் வரவழைக்கும் யோசனையும் வேண்டாம். உயிரினங்களைக் கொண்டுவருவதற்கு இறக்குமதிக் கட்டுப்பாடுகள் உண்டு. பெர்மிட் பற்றி உரிய அரசுத் துறையிடம் முதலில் கேளுங்கள்.

வளர்ப்பதாக இருந்தால் எப்படி?

ஆண் பூச்சிகளை மட்டும் வையுங்கள்: ஆணின் தலைக்குப் பின்னால் கொம்பு போல இரண்டு புடைப்புகள் இருக்கும். பெண் பூச்சி முட்டைகளை உடலுக்குள்ளேயே வைத்திருந்து, சுமார் 2 மாதத்தில் 20 முதல் 40 குஞ்சுகள் வரை ஈனும். வாங்கும்போதே அது சூலுற்றிருக்கலாம்.

மூடி முக்கியம்: இது கண்ணாடியில் சுலபமாக ஏறும். மெல்லிய கம்பி வலை பொருத்திய, இறுக்கமான மூடி வேண்டும். தொட்டியின் மேல்விளிம்பின் உட்புறத்தில் வாசலின் தடவுவது கூடுதல் பாதுகாப்பு.

பூஞ்சையைத் தடுங்கள்: தைப்பிங் வட்டாரம் தீபகற்பத்திலேயே அதிக மழை பெறும் பகுதிகளில் ஒன்று. 'தினமும் தண்ணீர் தெளியுங்கள்' என்ற குறிப்பு இங்கே பொருந்தாது. ஒளிந்துகொள்ள முட்டை அட்டை, கழுவிய கேரட் அல்லது பூசணித் துண்டு, கொஞ்சம் பூனை பிஸ்கட் போதும். மிச்சத்தை மறுநாளே எடுத்துவிடுங்கள்.

எறும்பு: தொட்டி வைத்த மேசைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைப்பது நம் பாட்டி காலத்து வழி. வெறும் தண்ணீர் என்றால் ஏடிஸ் கொசு முட்டையிடும். அதனால் சோப்புத் தண்ணீர் ஊற்றி, அடிக்கடி மாற்றுங்கள்.

புகையடிப்பு: கொசு மருந்துப் புகையும் பூச்சி ஸ்ப்ரேயும் இதையும் கொன்றுவிடும். புகையடிக்கும் நாளில் தொட்டியை வேறிடத்துக்கு மாற்றுங்கள்.

வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால் இந்த ஆசையை விட்டுவிடுவதே நல்லது. கரப்பானின் கழிவும் உரிந்த தோலும் ஒவ்வாமையைத் தூண்டக்கூடியவை. அம்மாவுக்குத் தெரியாமல் ரூமில் ஒளித்து வைக்கும் வேலை வேண்டவே வேண்டாம்!

எதைக் கவனிக்கலாம்?

முதலில் சத்தம். பெரும்பாலான பூச்சிகள் உடல் பாகங்களை உரசி ஒலி எழுப்பும். இதுவோ வயிற்றுப் பக்கத்தில் உள்ள மூச்சுத் துளைகள் வழியே காற்றை வேகமாகத் தள்ளிச் சீறுகிறது. தொட்டால் ஒரு சீறல். ஆண்கள் மோதும்போது வேறொரு சீறல். ஒரே மாதிரி தினமும் மெல்லத் தொட்டு, எத்தனை முறை சீறியது என்று நோட்டில் எழுதுங்கள். நாளாக நாளாகச் சீறல் குறைவதைக் காணலாம். அது பழகிக்கொள்கிறது.

இரண்டாவது, தோல் உரிப்பது. உரித்த கையோடு பூச்சி வெள்ளையாக இருக்கும். சில மணி நேரத்தில் பழுப்பாகும். அப்போது தொடாதீர்கள். முழு வளர்ச்சி அடைந்த பூச்சி தோல் உரிக்காது என்பதால், இதைப் பார்க்க இளம் பூச்சி வேண்டும்.

இது வெறும் பொழுதுபோக்கு மட்டுமல்ல. 2025 மார்ச்சில் மியன்மாரை நிலநடுக்கம் தாக்கியபோது, இடிபாடுகளுக்குள் தேட, கருவி பொருத்திய 10 சீறும் கரப்பான்களைச் சிங்கப்பூர் அனுப்பியது.

இனி வேண்டாம் என்று தோன்றினால்?

வெளியே விடாதீர்கள். புக்கிட் லாருட் அடிவாரம், செம்பனைத் தோட்டம், வீட்டுப் பின்கால்வாய் எங்குமே கூடாது. வேறு பொறுப்பான வளர்ப்பாளரிடம் கொடுங்கள். முடியாவிட்டால் மூடிய டப்பாவில் ஃப்ரீசரில் 2 நாள் வைப்பதுதான் வழி. தொட்டி மண்ணையும் அப்படியே உறைய வைத்த பிறகே குப்பையில் போட வேண்டும்.

இவ்வளவு பொறுப்பா என்று யோசிக்கிறீர்களா? வளர்க்காமலேயே பார்க்கவும் வழி இருக்கிறது. பழைய ரப்பர் மரக்கட்டை மட்கிக் கிடக்கும் இடத்தில், பெரியவர் ஒருவரை அழைத்துக்கொண்டு டார்ச் லைட்டுடன் போய்ப் பாருங்கள். மட்கும் மரத்தைத் தின்று மண்ணாக்கும் காட்டுக் கரப்பான்களுக்குப் பிடித்த இடம் அது. தொட்டால் உருண்டையாகச் சுருண்டுகொள்ளும் வகைகூட மலேசியாவில் உண்டு. அதிர்ஷ்டம் இருந்தால் கண்ணில் படும். படம் எடுங்கள், குறிப்பு எழுதுங்கள். பூச்சி அங்கேயே இருக்கட்டும்.