போல்டர் நகர ஓடைகள்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ராக்கி மலைத்தொடர் இறங்கிச் சமவெளி தொடங்கும் இடத்தில் சுமார் 1,650 மீட்டர் உயரத்தில் அமைந்த நகரம் போல்டர். மலை இடுக்குகள் நகரின் மேற்கு எல்லையிலேயே வாய் திறக்கின்றன. நகரை ஊடறுத்துக் கிழக்கே ஓடும் போல்டர் ஓடையும் அதன் கிளைகளுமாக முக்கிய வடிகால்கள் சுமார் 15. அவற்றில் பலவற்றை ஆண்டின் பெரும்பகுதி கால் நனையாமல் தாண்டிவிடலாம். மழையும் பனியும் சேர்த்தே ஆண்டுச் சராசரி 50 செ.மீ.க்குச் சற்று மேல்தான். ஆனால் இடுக்குகளின் செங்குத்துச் சரிவில் மண் குறைவு, பாறை அதிகம். மலையில் கொட்டும் பெருமழை ஒரு மணி நேரத்துக்கும் குறைவில் ஊருக்குள் வந்துவிடும். கொலராடோவில் திடீர் வெள்ள அபாயம் மிகுந்த நகரமாக இது எண்ணப்படுவது அதனால்தான்.

அரபாஹோ மக்கள் குளிர்காலத்தில் தங்கிவந்த இப்பகுதிக்கு 1858-இல் தங்கம் தேடுவோர் வந்தனர். மறு ஆண்டு ஊர் உருவாயிற்று. 1860-களிலிருந்து உழவர்கள் பாசன வாய்க்கால்களை வெட்டினர். இவை சம உயரத்தை ஒட்டி, ஓடைகளின் குறுக்கே போகின்றன. பெருவெள்ளத்தில் ஓர் ஓடையின் நீரை ஏந்திச் சென்று வேறோர் இடத்தில் கொட்டிவிடுவது இவற்றின் குணம். நகரின் வெள்ள வரைபடங்கள் சிக்கலாவதற்கு இந்தப் பழைய வாய்க்கால்களும் ஒரு காரணம்.

1894 மே மாத இறுதியில், மலையில் பனி உருகிக்கொண்டிருந்த நேரத்தில் விடாமழையும் சேர்ந்தது. போல்டர் ஓடையில் வினாடிக்குச் சுமார் 12,000 கன அடி நீர் வந்ததாகப் பின்னாளில் மதிப்பிட்டனர். பாலங்களும் இடுக்கு வழியே போட்டிருந்த குறுகிய ரயில் பாதையும் அடித்துச் செல்லப்பட்டன. நகரின் நினைவில் ‘பெருவெள்ளம்’ என்றால் இன்றும் இதுவே அளவுகோல்.

நகர மேம்பாட்டுச் சங்கம் அழைத்ததன் பேரில், நிலவடிவமைப்பாளர் பிரெடரிக் லா ஓம்ஸ்டெட் இளையவர் 1910-இல் ஓர் அறிக்கை அளித்தார். ஓடைக்கரையைக் கட்டடமின்றிப் பூங்காவாக விட்டுவிட்டால் வெள்ளம் வந்து போக இடமிருக்கும், செலவும் குறையும் என்பது அவர் யோசனை. ஊர் அதை மறுக்கவில்லை, முழுதாகப் பின்பற்றவுமில்லை. 1950-களின் தொடக்கத்தில் நகராட்சி தன் அலுவலகத்தையே ஓடைக்கரையில் கட்டியது. நூலகமோ ஓடையின் மீதே பாலம் போல நிற்கிறது.

புவியியலாளர் கில்பர்ட் வைட் 1970-இல் போல்டரிலுள்ள கொலராடோ பல்கலைக்கழகத்துக்கு வந்தது ஒரு திருப்பம். வெள்ளத்தை இயற்கை தந்தாலும், இழப்பை வரவழைப்பது ஆற்றின் இடத்தில் குடியேறும் மனிதரே என்று 1940-களிலேயே வாதிட்டவர் அவர். அணையையும் கரையையும் மட்டும் நம்பாமல் நிலப்பயன்பாடு, முன்னெச்சரிக்கை, காப்பீடு ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னார். 1973-இல் மழைநீர் வடிகாலுக்கும் வெள்ளத் தடுப்புக்கும் தனிக் கட்டணத்துடன் ஓர் அமைப்பை நகரம் ஏற்படுத்தியது. 1976 ஜூலை 31 இரவு, வடக்கே பிக் தாம்சன் பள்ளத்தாக்கில் வந்த திடீர் வெள்ளம் 140-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அதன்பின் யாருக்கும் அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை. மலையில் தானியங்கி மழைமானிகளும் ஊரில் அபாயச் சங்குகளும் வந்தன. நீரின் ஆழம் நான்கு அடியைத் தொடும் இடங்களும், அடியில் ஆழத்தையும் வினாடிக்கு அடியில் வேகத்தையும் பெருக்கினால் நான்கோ அதற்கு மேலோ வரும் இடங்களும் உயர் அபாயப் பகுதிகளாக வரையறுக்கப்பட்டு, அங்கே புதிய குடியிருப்புக்குத் தடை விதிக்கப்பட்டது. இந்த விதிக்குள் இருக்கும் அறிவு எளியது: வேகமாக ஓடினால் முழங்கால் நீரே ஆளைச் சாய்த்துவிடும்.

2013 செப்டம்பரில் எல்லாக் கணக்கும் சோதனைக்கு வந்தது. 12-ஆம் தேதி ஒரே நாளில் பெய்த மழை 23 செ.மீ.; 1919-இல் பதிவான முந்தைய உச்சம் வெறும் 12 செ.மீ. ஒரு வாரத்தில் சுமார் 43 செ.மீ. கொட்டியது. இத்தனைக்கும் போல்டர் ஓடையின் உச்சம் வினாடிக்குச் சுமார் 5,000 கன அடிதான், 1894-இன் பாதிகூட இல்லை. சேதம் செய்தவை அதிகம் பேசப்படாத சிற்றோடைகள். டூமைல், போர்மைல், கிரிகரி, பேர் ஆகிய இடுக்குகளின் ஓடைகள் தெருக்களையே படுகையாக்கிக் கொண்டன. மதகுக் குழாய்கள் கல்லும் மரமும் அடைத்து நின்றன. 2010-இன் காட்டுத்தீயில் போர்மைல் பகுதியின் சில சரிவுகள் ஏற்கனவே மொட்டையாகியிருந்தன. நிலத்தடி நீர் உயர்ந்து அடித்தளங்களுக்குள் ஊறியது. சாக்கடைக் குழாய்கள் எதிர்த்துப் பொங்கின. பாதிக்கப்பட்ட வீடுகளில் கணிசமானவை வரைபடத்தின் வெள்ளப் பகுதிக்கு வெளியே இருந்தவை. மாவட்டத்தில் நால்வர் இறந்தனர். முன்பே அகலப்படுத்தப்பட்டிருந்த கூஸ் ஓடை தாக்குப்பிடித்தது.

தென் போல்டர் ஓடை நெடுஞ்சாலை 36-ஐத் தாண்டி ஒரு முதியோர் குடியிருப்பு வரை புகுந்தது. 1969-இலும் அந்த ஓடை அதே சாலையைத் தாண்டியிருந்தது. இந்நீரைத் தடுக்க நகரம் திட்டமிட்ட தடுப்பணைக்கு ஏற்ற இடம், பல்கலைக்கழகம் 1996-இல் வாங்கிய பழைய சரளைக்கல் சுரங்க நிலம். அந்நிலத்தை நகரோடு இணைக்கும் ஒப்பந்தம் 2021-இல் கையெழுத்தாயிற்று. எதிர்ப்பு வாக்கெடுப்பு வரை போக, 2022 நவம்பரில் வாக்காளர்கள் ஒப்பந்தத்தையே ஆதரித்தனர். எந்த ஓராண்டிலும் வர நூற்றில் ஒரு வாய்ப்புள்ள வெள்ளம், அதாவது ‘நூறாண்டு வெள்ளம்’, இத்திட்டத்தின் அளவு. ஐந்நூறாண்டு அளவுக்குக் கட்ட வேண்டுமென்ற கோரிக்கை ஏற்கப்படவில்லை. நூறாண்டு அளவைவிடப் பெரிய நீர் வந்தால் சாலையைத் தாண்டும் என்பதை ஒப்புக்கொண்டே வடிவமைப்பு தீர்மானிக்கப்பட்டது.